தையல் மிஷினும் ஒரு சாசனமே

1911 ஏப்ரல் 1 அன்று சென்னை மாகாணத்தில் சித்தூர் மாவட்டம் உருவானது. அதுவரை வட ஆற்காட்டின் தலைமையிடமாக இருந்த சித்தூர், அன்று தன் பெயரிலேயே ஒரு மாவட்டத்தைப் பெற்றது. திருப்பதியும் அதில் அடங்கியது. அதே நாளில், ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரிலிருந்த சிங்கர் தையல் இயந்திரத் தொழிற்சாலை வேலைநிறுத்தத்தால் முடங்கிக் கிடந்தது. இயந்திரத்தின் மரப்பகுதிக்கு மெருகேற்றும் பிரிவில் மூன்று பெண்களை விலக்கி, அவர்களுடைய வேலையையும் எஞ்சிய 12 பெண்கள்மேல் நிர்வாகம் சுமத்தியது. அந்தப் பன்னிருவரும் மார்ச் 21 அன்று வெளியேறினர். சில நாட்களில் ஏறத்தாழ 11,000 தொழிலாளர்கள் அவர்களோடு நின்றனர்.

ஒரே நாளில் நிகழ்ந்தது தற்செயல்தான். ஆனால் இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஓர் உறவு உண்டு. சித்தூரிலும் திருப்பதியிலும் தையற்கடை வாசல்களில் இன்னமும் ஓடும் கறுப்பு நிறச் சிங்கர்களைப் புரட்டிப் பார்த்தால், அவற்றின் பிறப்பிடம் பெரும்பாலும் கிளைட்பேங்க்.

ஐசக் சிங்கர் தம் காப்புரிமையைப் பெற்றது 1851இல். 1875 முதல் நசர்வான்ஜி மெர்வான்ஜி பட்டேல் என்னும் பார்சி வணிகர், பம்பாயிலிருந்து அந்நிறுவனத்தின் இந்திய விற்பனையை முப்பதாண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். ஒரே தொகையில் வாங்க இயலாதவருக்குத் தவணைமுறை கைகொடுத்தது. உழைப்பால் கடனை அடைக்கலாம் என்ற அந்த ஏற்பாடே இயந்திரத்தைச் செல்வர் வீட்டுக் கூடத்திலிருந்து தெருவோரத் தையற்காரரிடம் கொண்டு சேர்த்தது. 1924இல் இயந்திர மோகத்தைக் கண்டித்துப் பேசிய காந்தியடிகள்கூட, சிங்கரின் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்ட அன்பினால் சிங்கர் அதை உருவாக்கினார் என்று அவர் கருதினார். பாஸ்டன் பட்டறையில் சிங்கரை உந்தியது அன்பன்று, வருமானம். ஆயினும் அந்த விலக்கு பொருத்தமானதே. ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே சொந்தமாக வைத்துப் பிழைக்கக்கூடிய தொழிற்கருவிகள் மிகச் சில.

மொழியிலும் இந்த இயந்திரம் எளிதாகக் குடியேறியது. சித்தூர் வட்டாரத்தில் ஒரே கடையில் அது தமிழருக்குத் தையல் மிஷின், தெலுங்கருக்குக் குட்டு மிஷின். தமிழில் முள் தைக்கும், துணியையும் தைப்போம். தெலுங்கில் தேள் குட்டும், துணியையும் குட்டுவர். துளைத்தலைக் குறிக்கும் வினையே இரண்டு மொழிகளிலும் இணைத்தலையும் குறிக்கிறது. பாபின், ஷட்டில், பெல்ட், பெடல் என உறுப்புகளின் பெயர்கள் ஆங்கிலத்திலிருந்து வந்தன. செய்கைக்கான சொல் மட்டும் அவரவர் மொழியிலேயே நின்றது.

இப்போது இந்தப் பழைய இயந்திரங்களைத் தேடிச் சேர்ப்போர் பெருகியிருக்கின்றனர். மகிழ்ச்சியே, பழைய இரும்புக் கடையின் எடைக்கல்லிலிருந்து அவை தப்புகின்றன. ஆனால் மீட்டெடுத்தல் என்ற பெயரில் நடப்பது பல நேரங்களில் அழித்தல். உப்புத்தாள் கொண்டு தேய்த்து, கறுப்பு வண்ணம் அடித்து, மின்னும் புதிய ஒட்டுப்படத்தைப் பதித்துவிட்டால் இயந்திரம் பளபளக்கும். அதன் வரலாறு போய்விடும்.

எது அந்த வரலாறு? முதலில், பலகைபோன்ற அடிப்பகுதியில் பதித்த வரிசை எண். 1900க்கு முற்பட்ட எண்களுக்கு எழுத்து முன்னொட்டு கிடையாது. கிளைட்பேங்கில் எஃப் என்னும் எழுத்து ஏறத்தாழ இருபதாம் நூற்றாண்டின் இரண்டாவது பத்தாண்டைச் சுட்டும். ஒய் என்பது 1920களின் தொடக்கத்திலிருந்து 1930களின் நடுப்பகுதி வரை. அதன்பின் ஈ என்று தொடங்கும் இரட்டை எழுத்துகள் வரும். தடித்த வண்ணப் பூச்சு இந்த எண்ணை மூடிவிட்டால் காலத்தைக் கணிப்பது கடினம்.

அடுத்தது தேய்மானம். தையற்காரரின் கை நாள்தோறும் உராய்ந்த இடத்தில் பொன்னிறப் பூவேலை மறைந்திருக்கும். கால்மிதியின் ஒரு பக்கம் மட்டும் வழுவழுப்பாகியிருக்கும். மூன்றாவது, மாற்று உறுப்புகள். விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது, 1930களில் கல்கத்தாவில் தொடங்கிய உஷா நாடெங்கும் பரவியது. லூதியானா பட்டறைகள் உதிரி உறுப்புகளைச் செய்தன. அவற்றுள் பல, சிங்கரின் 15ஆம் வகை அமைப்பை ஒட்டியவை என்பதால் ஒன்றன் உறுப்பு மற்றொன்றில் பொருந்தியது. ஸ்காட்லாந்து உடலில் லூதியானா ஷட்டிலைக் கண்டால் அதைக் கலப்படம் என்று கழற்றி எறியாதீர்கள். இறக்குமதி நின்ற காலத்தைத் தையற்காரர் எப்படிக் கடந்தார் என்பதற்கு அதுவே சான்று.

ஆகவே மீட்டெடுப்போர் மனங்கொள்ள வேண்டியவை சில. இறுகிப்போன சக்கரத்தை வலிந்து சுழற்றக் கூடாது. பெரும்பாலும் அது துருவன்று, கெட்டியான பழைய எண்ணெய். மூட்டுகளில் தையல் மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஓரிரவு பொறுத்து, மெல்ல அசைத்தால் இளகும். மண்ணெண்ணெய் உள் உலோகத்துக்கு மட்டும். பூவேலையின்மீது ஸ்பிரிட் படவே கூடாது; அதைக் காக்கும் அரக்குப் பூச்சை அது கரைத்துவிடும். எண்ணெய் தோய்ந்த பருத்தித் துணியே போதும். மரத்தையும் அவசரப்பட்டுச் சுரண்ட வேண்டாம். அந்த மெருகுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண்ணின் கூலி உண்டு. 1911இல் அந்தக் கூலிக்காகத்தான் ஓர் ஊரே எழுந்து நின்றது.

திருமலை-திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளைத் தேவஸ்தானம் 1930களில் தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. படியெடுத்தவர்கள் சிதைந்த எழுத்தைப் புதிதாகச் செதுக்கி அழகுபடுத்தவில்லை. சிதைவைச் சிதைவென்றே பதிந்தனர். அதனால்தான் இன்றும் அவற்றை நம்பிப் படிக்கிறோம். மன்னர் கொடைக்குக் காட்டும் அந்த நேர்மையைத் தையற்காரரின் கருவிக்கும் காட்ட வேண்டும் என்பதே என் வாதம். தவணை கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, கண்பார்வை மங்கும்வரை தைத்தவர்கள் வேறு சாசனம் எதையும் விட்டுச் செல்லவில்லை.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பாட்டியின் மிஷின் இருந்தால், துடைப்பதற்கு முன் நான்கு புறமும் படம் எடுங்கள். வரிசை எண்ணை எழுதி வையுங்கள். யார் வாங்கினார், எந்த ஊரில், எவருக்குத் தைத்தார் என்று வீட்டுப் பெரியவரிடம் இன்றே கேளுங்கள். எண்ணெய் போடுவதற்கு நாளை போதும்.