பூரி மடைப்பள்ளி உரைக்கும் வரலாறு

நம் நாட்டில் நோன்பும் விருந்தும் பண்டு தொட்டே ஒன்றையொன்று தொடர்ந்து வந்துள்ளன. ஏகாதசியன்று உண்ணாதிருந்தவர், துவாதசிக் காலையில் அகத்திக் கீரையும் நெல்லிக்காயும் கூட்டிப் பாரணை செய்யுமுன், ஓர் அதிதிக்கேனும் இலை போடவேண்டும் என்று நம் முன்னோர் கருதினர். தமிழகம் விட்டு வந்து வேற்று மொழி வழங்கும் ஊர்களில் குடியேறிய நாமும் அம்முறையை மறந்தோமில்லை. விரத நாள் முடிந்ததும் நம் குடியிருப்புக் கோயில்களில் அண்டா அடுப்பேறுகிறது, பந்தி விரிகிறது. இவ்வழக்கத்தின் பெருமையையும், அதில் நேர்ந்த குறையையும் ஒருங்கே உணர விரும்புவோர்க்கு, ஒடிசாவின் கடற்கரையிலுள்ள பூரி ஜகந்நாதர் கோயிலினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

அக்கோயில் நமக்கு முற்றும் அயலானதன்று. இன்று காணும் பெருங்கோயிலை 12-ஆம் நூற்றாண்டில் எடுப்பிக்கத் தொடங்கியவன் அனந்தவர்மன் சோடகங்கன். கீழைக் கங்கர் குலத்தவனாயினும், அவன் தாய் இராசசுந்தரி சோழர் குலமகள். வீரராசேந்திர சோழனின் புதல்வி என்பர். பெயரிலுள்ள ‘சோட’ என்பது அத்தாய்வழி உறவைக் காட்டுவது. அவ்வீரராசேந்திரன் காலத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் கோயிலில் மாணவர்க்கு உணவளித்த ஒரு கல்லூரியும், 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலையும் நடந்தமையை அங்குள்ள கல்வெட்டால் அறிகிறோம். கோயில் என்றால் வழிபாடு மட்டுமன்று, சோறும் மருந்தும் அங்கு உண்டு என்பது அக்காலத்தார் கண்ட முறை.

பூரியின் மடைப்பள்ளி வியப்புக்குரியது. ஆங்கு 752 அடுப்புகள் உண்டென்று சொல்வது வழக்கம். உலோகப் பாத்திரத்தில் சமைப்பதில்லை, எல்லாம் மட்பாண்டமே. அதனைக் ‘குடுவா’ என்பர். நம் குடுவையை நினைவூட்டும் சொல் அது. ஒருமுறை சமைத்த பானை மறுமுறை அடுப்பேறாது. ஆதலின் நாள்தோறும் புதுப்பானை வனைந்தளிக்கும் குயவர் மரபொன்று அக்கோயிலை ஒட்டியே வாழ்ந்து வருகிறது. விறகடுப்பின்மேல் பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சமைப்பவர் ‘சுவார்’ எனப்படும் பரம்பரைப் பணியாளர். வெங்காயமும் பூண்டும் அங்கு நுழைவதில்லை. உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் போன்று பிற்காலத்தில் கடல் கடந்து வந்த காய்களும் விலக்கே. ஐரோப்பியர் வருமுன் நம் நாட்டுச் சமையல் எவ்வாறு இருந்தது என்பதை ஏட்டில் தேடவேண்டியதில்லை, அவ்வடுப்பில் காணலாம்.

சமைத்த அன்னம் முதலில் ஜகந்நாதருக்கும், பின்னர் அவ்வளாகத்திலுள்ள விமலா தேவிக்கும் படைக்கப்பெற்று ‘மகாப்பிரசாதம்’ ஆகிறது. பிறகு ‘ஆனந்த பஜார்’ என்னும் முற்றத்தில் அதனை விலைக்குப் பெற்று, அடியார் அங்கேயே அமர்ந்து உண்பர்.

நோன்புக்கும் அவ்வூர் பெயர்பெற்றது. வடநாட்டுக் கணக்கில் கார்த்திக மாதம் முழுவதும், முதிய பெண்டிர், அவருள்ளும் கைம்பெண்கள் மிகப் பலர், பூரிக்கு வந்து தங்கி ‘ஹபிஷ’ விரதம் காப்பர். ஒரு பொழுதே உணவு. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வாழைக்காயும் சேப்பங்கிழங்கும் நெய்யுமே அவ்வுணவு. இத்துணைக் கடும் விரதம் போற்றும் அவ்வூரில், ஏகாதசியன்றும் மகாப்பிரசாதம் விலக்கன்று என்பது புதுமை. ஏகாதசித் தேவியை ஜகந்நாதர் தலைகீழாகக் கட்டி வைத்துவிட்டார் என்று அதற்கொரு கதையும் சொல்வர். நோன்பு பெரிது, ஆயினும் பகிர்ந்துண்ணும் அன்னம் அதனினும் பெரிது என்பதே அக்கதையின் கருத்தாகும்.

அதனினும் சிறந்ததொன்று உண்டு. மகாப்பிரசாதத்துக்குச் சாதியில்லை, தீட்டில்லை. அந்தணரும் மற்றையோரும் ஒரே பானையினின்று எடுத்து உண்பது அங்கு நெடுங்காலமாக நிலவி வரும் வழக்கு. அவ்வன்னத்தைக் கைம்மாற்றி நட்புப் பூண்டவர், அன்றுமுதல் ஒருவரையொருவர் ‘மகாப்பிரசாத்’ என்றே அழைக்கும் வழக்கமும் ஒடிசா நாட்டுப்புறத்தில் உண்டு.

இனி, வரலாற்றின் மறுபுறத்தையும் நோக்குவோம். 1865-இல் மழை பொய்த்தது. 1866-இல் ஒடிசாவைக் கொடும் பஞ்சம் பற்றியது. அரிசி வருவிக்க ஆட்சியாளர் காலந்தாழ்த்தினர். கார்காலம் தொடங்கியபின் கப்பல் கரை சேர இயலவில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மாண்டனர். உயிர் காக்கக் கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பெற்றன. அச்சத்திரங்களில் உண்டு பிழைத்தவர் ஊர் திரும்பியபோது, ‘யார் சமைத்ததையோ உண்டாய்’ என்று சுற்றத்தார் விலக்கி வைத்தனர். அவ்வாறு விலக்குண்டவர் ‘சத்திரகியா’, அதாவது சத்திரத்துச் சோறுண்டவர், என்னும் பெயரால் ஒரு தனிச் சாதியாகவே ஆயினர். ஜகந்நாதர் முற்றத்தில் ஒரே பானையில் உண்ணக் கற்ற மக்கள், பசியால் சாகும் நேரத்தில் அப்பாடத்தை ஊருக்குள் கொண்டு செல்லவில்லை. இதனினும் துயரமான செய்தி பிறிதொன்று உண்டோ!

கோயில் வாயிலின் நிலையும் அதுவே. அன்னத்துக்குச் சாதியில்லை என்ற அக்கோயிலுள், தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டவர் கால் வைக்கலாகாது. சோறு வெளியே வரலாம். அவர் உள்ளே போகலாகாது. 1934 மே மாதம் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காக ஒடிசாவில் நடைப்பயணம் தொடங்கியது பூரியிலிருந்தேயாம். 1938-இல் அவர் அப்பகுதிக்கு வந்திருந்தபோது, கஸ்தூரிபா அக்கோயிலுள் சென்று வழிபட்டார். எளியோர்க்கு அடைத்த வாயிலில் தம் இல்லத்தார் நுழைந்தனரே என்று அண்ணல் பெரிதும் வருந்தினார். நாடு விடுதலை பெற்றபின் 1948-இல் இயற்றப்பட்ட ஆலயப் பிரவேசச் சட்டமே அத்தடையை அகற்றியது.

நம் தமிழகமும் பிறரைக் குறைகூறும் தகுதி உடையதன்று. 1924-25-இல் சேரன்மாதேவி குருகுலத்தில் சில மாணவர்க்குத் தனிப்பந்தி இட்ட செய்தி நாட்டையே கலக்கியது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் ஒடுக்கப்பட்ட மக்களை அ. வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றது 1939 சூலை 8-ஆம் நாளில்தான். சட்டம் வாயிலைத் திறந்தது. ஆனால் பந்தியில் யார் பக்கத்தில் யார் அமர்வது என்பதைச் சட்டம் தீர்மானிப்பதில்லை. பரிமாறுவோரும் உண்போருமே தீர்மானிக்கின்றனர்.

ஆதலின் இவ்வரலாறு நமக்கும் உரியது. பிழைப்புத் தேடி வந்த ஊரில் நம்மை ஒன்று சேர்ப்பவை மொழியும் கோயிலும் இப்பந்தியுமே. நம் அன்னதானத்தன்று அண்டா கழுவும் அம்மையும், தெருக்கூட்டும் தொழிலாளியும், இரவுக் காவலரும், நம் மொழி அறியாத அண்டை வீட்டாரும் கடைசிப் பந்திக்குக் காத்து நிற்கின்றனரா, அன்றி முதற்பந்தியில் நம்மோடு அமர்கின்றனரா? எஞ்சியதைப் பொட்டலமாக்கி வாயிலில் கொடுத்தனுப்புவது விருந்தாகாது. நாள் முழுதும் நாம் காத்த விரதம் பசி இன்னதென்று நமக்குக் காட்டுகிறது. பசியறிந்தவர்க்குப் பிறரை வரிசைப்படுத்த மனம் வாராது.

இவ்வாண்டு விழாப் பந்தியில் இலை விரிக்கும்போது, நம் அன்பர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாக.