சரந்தீப்: சிந்துபாத் போன எங்கள் ஊர்

தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்த காலத்தில், தேநீர்க்கடைக்குத் தினத்தந்தி வந்ததும் நான் முதலில் தேடுவது கன்னித்தீவைத்தான். 1960இல் தொடங்கிய அந்தச் சித்திரக்கதையின் நாயகன் சிந்துபாத். அவன் எந்த ஊர்க்காரன் என்று அப்போது யோசித்ததே இல்லை.

பிறகு வேலைக்காக வளைகுடாவுக்குப் போனேன். சிந்துபாத் தங்கள் ஊரில் பிறந்தவன் என்று ஓமானின் சோஹார் துறைமுகத்துச் சனம் உரிமை கொண்டாடும். கதையிலோ அவன் பக்தாத் வணிகன். மஸ்கட்டில் அல் புஸ்தான் விடுதிப் பக்கம், சுற்றுவட்டத்தின் நடுவே ஒரு மரக்கப்பலைப் பார்த்தேன். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்த கப்பல், பெயர் 'சோஹார்'. டிம் செவரின் என்பவர் 1980இல் அதில் ஓமானிலிருந்து புறப்பட்டு, இலங்கைக்கும் போய், 1981இல் சீனாவின் கன்டன் துறைமுகத்தை அடைந்தார்.

இலங்கைக்கு ஏன் போனார்? கதையில் சிந்துபாத்தே அங்கே போகிறான். ஆறாவது பயணத்தில் கப்பல் உடைந்து, மலைக்குள்ளால் ஓடும் ஆற்றில் தெப்பம் கட்டிப்போய் அவன் சேரும் நாடு சரந்தீப். அது அரபுக்காரர் இலங்கைக்கு வைத்திருந்த பெயர். 'சிங்களத்வீபம்' அவர்கள் நாவில் சரந்தீப் ஆயிற்று. 'ஈழம்' என்ற சொல்லும் 'சீஹள' என்பதிலிருந்தே வந்தது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. இந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு நாங்கள் எவ்வளவு சண்டை பிடித்துவிட்டோம்!

ஒருநாள் ஒரு வயதான அரபுக்காரர் எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். "ஓ, சரந்தீப்! ஆதம் நபி இறங்கிய மலை உள்ள நாடு. நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்" என்றார். அவருக்குத் தெரிந்தது இரத்தினமும் மலையும். எனக்குத் தெரிந்ததோ சோதனைச்சாவடியும் பதுங்குகுழியும். நான் ஒன்றும் கதைக்கவில்லை.

ஆனால் அரபுக்காரர் எல்லோருக்கும் சரந்தீப் மாயத்தீவாக இருக்கவில்லை. 1882இல் எகிப்தைப் பிடித்த ஆங்கிலேயர், கிளர்ச்சி செய்த அராபி பாஷாவையும் கவிஞர் அல் பாரூதியையும் இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். எங்கள் தீவில் இருந்துகொண்டு பாரூதி எகிப்தை நினைத்துக் கவிதை எழுதினார். அவருக்குச் சரந்தீப் என்றால் ஊரைப் பிரிந்த துயரம்.

எனக்கும் அந்தப் பெயர் அதே துயரம்தான். அவர் அங்கே இருந்து அழுதார், நான் அதை விட்டு வந்து அழுகிறேன். கன்னித்தீவை இப்போது பார்த்தாலும், இவன் எப்போதாவது எங்கள் பக்கம் கரையேறுவானா என்றுதான் மனம் தேடுகிறது.