இருட்டில் பிடித்த கோழி

1646-இல் ரோமில் வெளியான தன் ஒளியியல் நூலில் அத்தனாசியஸ் கிர்ச்சர் என்ற இயேசு சபைத் துறவி ஒரு கோழிச் சோதனையை எழுதிவைத்தார். கோழியின் கால்களைக் கட்டித் தரையில் கிடத்த வேண்டும். கொஞ்ச நேரம் படபடத்துவிட்டு அது அடங்கும். அப்போது அதன் கண்ணருகிலிருந்து சுண்ணக்கட்டியால் தரையில் ஒரு கோடு இழுக்க வேண்டும். பிறகு கட்டை அவிழ்த்துவிட்டாலும் கோழி எழுந்து ஓடாது. கோட்டையே கயிறு என்று அது கற்பனை செய்துகொள்கிறது என்றார் கிர்ச்சர். பத்தாண்டுகளுக்கு முன்பே ஜெர்மானியக் கணித அறிஞர் டேனியல் ஷ்வென்டரும் இதைப் பதிவு செய்திருந்தார்.

கோடும் வேண்டாம், கயிறும் வேண்டாம் என்பது 1870-களில் செர்மாக் என்ற உடலியல் அறிஞர் செய்த சோதனைகளில் தெரியவந்தது. சற்று நேரம் அசையவிடாமல் பிடித்திருந்தாலே போதும், கோழி அப்படியே கிடக்கும். உண்மைக் காரணம் துலங்க இன்னும் நூறாண்டு ஆனது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியலாளர் கார்டன் கேலப்பும் அவருடன் பணியாற்றியவர்களும், பாடம் செய்த பருந்து ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கோழிகள் இன்னும் நெடுநேரம் அசைவற்றுக் கிடந்தன. பருந்தின் காலில் சிக்கிய பறவை செத்ததுபோல் கிடந்து, பிடி தளரும் நொடிக்குக் காத்திருக்கும் நிலை அது. கிர்ச்சரின் கோழி உச்சகட்ட அச்சத்தில் உறைந்துபோயிருந்தது.

வீட்டில் செல்லமாக நாலு கோழி வளர்ப்பவர்கள் இந்த வரலாற்றை அறிந்திருப்பது நல்லது. பேன் பார்க்கவோ மருந்து தடவவோ கோழியை மல்லாத்திப் பிடித்ததும் அது கம்மென்று கிடந்தால், பழகிவிட்டது என்று நாம் மகிழ்ந்துபோகிறோம். சந்தையில் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்ட கோழி சத்தம் போடாததும் இதே கதைதான். கோழிக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. மிரண்ட கோழியை நெஞ்சோடு சேர்த்து இறுக்கினால் திணறிவிடும். இறக்கைகளை உடம்போடு அணைத்து, அடியில் ஒரு கை கொடுத்துத் தாங்க வேண்டும்.

அதற்கு ஏற்ற நேரம் இரவு. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அடைந்த கோழியைத் துரத்தாமல் தூக்கிவிடலாம். அதன் எதிரியும் இரவில்தான் வெளியே வருகிறது. 1778-இல் ஸ்வீடன் நாட்டுப் பூச்சியியலாளர் டி கீர் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்திய சிவப்பு உண்ணிக்கு உடல் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. பகலெல்லாம் கூட்டின் விரிசல்களிலும் கோழி உட்காரும் கட்டையின் அடியிலும் ஒளிந்திருக்கும். இரவில் ஏறி வந்து இரத்தம் குடித்துவிட்டு மறுபடி பதுங்கிவிடும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஒரு வாரம் போதும். உணவே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கோழியை எத்தனை முறை பிடித்து மருந்து போட்டாலும் கூட்டைக் கவனிக்காவிட்டால் தீராது.

இத்தனை சிறிய உயிரைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வில்லைகளெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ரோமானியர்கள் இதில் பாதியைக் கண்டுகொண்டிருந்தார்கள். கிறிஸ்து பிறப்பதற்குச் சில பத்தாண்டுகள் முன் வேளாண்மை நூல் எழுதிய வாரோ, முட்டையிட்டதும் பழைய வைக்கோலை அள்ளியெறிந்துவிட்டுப் புதிதாக இடச் சொன்னார். இல்லாவிட்டால் அதில் பூச்சிகள் பெருகிக் கோழியை நிம்மதியாக இருக்கவிடாதாம். அடுத்த நூற்றாண்டில் ஸ்பெயினைச் சேர்ந்த கொலுமெல்லா, சுவரோரம் நனையாத இடத்தில் காய்ந்த புழுதியும் சாம்பலும் கொட்டிவைக்கச் சொன்னார். பறவைகள் அதில் புரண்டு தாமே இறகைச் சுத்தம் செய்துகொள்ளும். புழுதியில் புரளாத ஃபெசன்ட் பறவை பேனால் மடியும் என்று இவர்களுக்கெல்லாம் முன்னரே அரிஸ்டாட்டில் எழுதியிருந்தார். மிரளும் கோழிக்கு இதைவிட இதமான வைத்தியம் கிடையாது. யாரும் அதைத் தொடவே வேண்டியதில்லை.

மருந்துக்காகக் கோழியைக் கையில் எடுப்பது விரிவான முறையாக அச்சேறியது 1917-இல். அமெரிக்க வேளாண்மைத் துறைக்காக பிஷப், வுட் என்ற இரு பூச்சியியலாளர்கள் எழுதிய சிற்றேடு, பேனுக்குச் சோடியம் ஃபுளூரைடைச் சிட்டிகை சிட்டிகையாக இடும் வழியைச் சொன்னது: தலையில் ஒன்று, கழுத்தில் ஒன்று, முதுகில் இரண்டு, பிறகு நெஞ்சு, ஆசனவாயின் கீழ், வால், தொடைகள், விரித்த இறக்கைகளின் அடி. சிவப்பு உண்ணிக்கு அவர்கள் காட்டிய இடம் வேறு. கட்டைகளிலும் சுவரிலும் எண்ணெய் அடிக்கச் சொன்னார்கள். எதிரியின் இருப்பிடத்தைச் சரியாகப் பிடித்தவர்கள் இவர்கள். பின்னர் நிகோட்டின் சல்ஃபேட்டை அந்தி சாயும் முன் கட்டைமேல் பூசும் வழக்கம் பரவியது. இரவெல்லாம் அதன் ஆவி இறகுகளுக்குள் ஏறியது. மனிதருக்கே கொடிய நஞ்சு அது.

கோழிகள் ஆயிரக்கணக்கில் ஒரே கொட்டகைக்குள் அடைபட்ட காலத்தில், ஒவ்வொன்றையும் கையில் எடுப்பது முடியாத காரியமானது. 2017-இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கொட்டகைகளில் சிவப்பு உண்ணியை ஒழிக்க அடித்த மருந்தில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது தெரியவந்தது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளிடம் அதைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை. பல நாடுகளில் லட்சக்கணக்கான முட்டைகள் கடை அலமாரிகளிலிருந்து அகற்றப்பட்டன.

அதே ஆண்டில்தான் ஃப்ளூரலேனர் என்ற மருந்துக்கு ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. கோழி குடிக்கும் தண்ணீரில் கலந்து ஏழு நாள் இடைவெளியில் இருமுறை கொடுக்கிறார்கள். இரத்தம் குடிக்க வரும் உண்ணி அந்த இரத்தத்தாலேயே சாகும். ஆனால் வடக்கத்திக் கோழி உண்ணி என்ற இன்னொரு வகை, கூட்டுக்குத் திரும்பாமல் கோழியின் மேலேயே, பெரும்பாலும் ஆசனவாயைச் சுற்றிக் குடியிருக்கிறது. அது வந்திருக்கிறதா என்று அறிய, இறகை விலக்கித் தோலைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.