புதுவைக்குச் சோறு போட்ட ஏரிகள்

"உள்ளூரில் விளைந்ததை வாங்குங்கள்" என்ற பேச்சு இன்று பல பக்கங்களிலிருந்தும் கேட்கிறது. புதுச்சேரி நகரத்தைப் பொறுத்தவரை இது புதிய பாடமன்று. சுற்றியுள்ள கிராமங்களின் நெல் உள்ளே வராமற்போனதால் இந்நகரம் ஒருமுறை வீழ்ந்தே போயிருக்கிறது.

1760 ஜனவரி 22ஆம் நாள் வந்தவாசியில் லாலியின் பிரெஞ்சுப் படையை ஆங்கிலத் தளபதி அயர் கூட் முறியடித்தார். ஆனால் அவர் உடனே புதுவைக் கோட்டையின்மீது பாயவில்லை. ஒவ்வோர் ஊராகப் பிடித்துக்கொண்டே வந்தார். ஏப்ரலில் காரைக்கால் வீழ்ந்தது. ஜூலையில் வில்லியனூர் வீழ்ந்தது. கடற்பக்கம் ஆங்கிலக் கப்பல்கள் நின்றன. நிலவழியும் கடல்வழியும் அடைபட்டதும் நகரத்தின் நெற்களஞ்சியங்கள் வற்றத் தொடங்கின. உணவை மிச்சப்படுத்த எண்ணிய லாலி, நவம்பர் இறுதியில் சுமார் 1400 உள்ளூர் மக்களைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார். ஆங்கிலேயரும் அவர்களை முதலில் விடவில்லை. இரு படைகளுக்கும் நடுவே பல நாள் அவர்கள் பட்டினியோடு அலைந்தார்கள். 1761ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வீசிய பெரும்புயல் ஆங்கிலக் கப்பல்கள் பலவற்றை மூழ்கடித்தபோதும் முற்றுகை தளரவில்லை. ஜனவரி 16 அன்று ஆங்கிலேயர் நகருக்குள் நுழைந்தனர். 1736 முதல் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை மறைந்ததும் அதே மாதத்தில்தான். பீரங்கி செய்த வேலையைவிடப் பசி செய்த வேலையே பெரிது என்பது என் கருத்து.

நகரத்துக்கு வராமற்போன அந்த நெல் எந்த நீரில் விளைந்தது? இந்தக் கேள்வி நம்மை ஏரிகளிடம் அழைத்துச் செல்கிறது.

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உண்டு. அவற்றுள் பெரியவை ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும். ஊசுட்டேரிக்குச் சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக நீர் வருகிறது. நகருக்குத் தெற்கே உள்ள பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையாற்று நீரைச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் கொண்டு வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரு சகோதரிகள் வெட்டிய வாய்க்கால் என்று ஊர் மக்கள் கதை சொல்வார்கள். பாகூர் பழைய ஊர். அங்கிருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்குக் கிராமங்களைத் தானமாக விட்ட செய்தியைப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 9ஆம் நூற்றாண்டுச் செப்பேடு கூறுகிறது. பாடம் நடத்துபவனுக்குச் சம்பளம் நெல் வயலிலிருந்து வந்த காலம் அது!

பிரெஞ்சு ஆட்சியிலும் ஏரி மராமத்து ஊராரின் பொறுப்பிலேயே இருந்தது. 'கேஸ் கொமுய்ன்' எனப்பட்ட பொது நிதிச் சங்கங்கள் மதகையும் வாய்க்காலையும் கவனித்துக் கொண்டன. 1954 நவம்பர் 1இல் ஆட்சி மாறிய பிறகு அச்சங்கங்கள் படிப்படியாக மறைந்தன. அதே சமயம் மின்சாரப் பம்புசெட்டு வயலுக்கு வந்தது. 1966இல் வெளிவந்த ஐ.ஆர்.8 போன்ற குட்டை நெல் வகைகளும் வந்து சேர்ந்தன. விளைச்சல் கூடியது, பசி குறைந்தது. இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வாய்க்காலைத் தூர்வார வேண்டிய அவசியம் விவசாயிக்கு இல்லாமற் போயிற்று. பொத்தானை அழுத்தினால் நீர் வருமே!

அந்த நீர் எங்கிருந்து வந்தது? 1870களின் இறுதியில் புதுவையில் துளையிட்டபோது நிலத்தடி நீர் தானாகவே மேலே பொங்கியது. மேட்டுப் பகுதியில் புகுந்த மழைநீர், நீர் புகாத இரு களிமண் அடுக்குகளுக்கு நடுவே அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடந்ததே காரணம். பம்புகள் பெருகியபின் அந்த அழுத்தம் குறைந்தது; தானே பொங்கிய கிணறுகள் பலவற்றுக்கு இப்போது மோட்டார் தேவைப்படுகிறது.

கடலோரத்தில் இன்னொரு அபாயமும் உண்டு. இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இதைச் சற்று விளக்க ஆசைப்படுகிறேன். வளைகுழாய் ஒன்றில் ஒரு பக்கம் எண்ணெயும் மறுபக்கம் தண்ணீரும் ஊற்றினால், எடை குறைந்த எண்ணெய் உயர்ந்து நிற்பதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. கடலோர மணலுக்குள் நன்னீர், உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் இருந்தால், அதைத் தாங்கக் கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். (1.000 என்பதை 0.025 ஆல் வகுத்துப் பாருங்கள்.) ஆகவே நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் உப்புநீர் 40 மீட்டர் ஏறிவரக்கூடும். இது மேலே மூடாத மணற்படிவத்துக்கான எளிய கணக்கு. களிமண் அடுக்குகள் உள்ள இடத்தில் கணக்கு சிக்கலாகும். ஆனாலும் கடலோரத்தில் அளவின்றி இறைத்தால் உப்பு வரும் என்ற முடிவு மாறாது. உப்பேறிய வயலில் நெற்பயிர் கருகும். நிலமோ எளிதில் மீளாது.

ஏரியில் நிற்கும் நீர் பாசனத்துக்கு மட்டுமன்று. அது கீழே கசிந்து, உப்புநீரை அழுத்திப் பிடிக்கும் அந்த 1 மீட்டரைக் காப்பாற்றுகிறது. 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இங்கே ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கி, ஏரிப் பயனாளர் சங்கங்கள் மீண்டும் அமைக்கப்பட்டது இதனால்தான்.

இப்போது கடைக்கு வருவோம். 'உள்ளூர்' என்பதைத் தூரத்தால் மட்டும் அளப்பது போதாது. கடற்கரைக்கு அருகே கோடையில் ஆழ்துளைக் கிணற்று நீரை இறைத்து விளைவித்த சொர்ணவாரி நெல்லும் உள்ளூர் நெல்தான். வடகிழக்குப் பருவமழையிலும் ஏரி நீரிலும் விளைந்த சம்பா நெல்லும் உள்ளூர் நெல்தான். இரண்டும் ஒன்றாகிவிடுமா? சம்பாவை வாங்குபவர் ஏரியையும் சேர்த்து ஆதரிக்கிறார். நீர் குறைவாகக் கேட்கும் கேழ்வரகு, கம்பு, உளுந்து, எள் ஆகியவற்றுக்கும் இந்த நியாயம் பொருந்தும். ரசாயனமின்றிப் பயிர் செய்வோரும் அருகிலேயே இருக்கிறார்கள். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் குளோரியாலாண்டு பண்ணை, ஆரோவில்லின் அன்னபூர்ணா பண்ணை ஆகியவை பல்லாண்டுகளாக இம்முறையைக் கையாள்கின்றன. அங்கே விளைவது நகரம் முழுவதற்கும் போதாது. விலையும் சற்றுக் கூடுதல். ஆகவே பெரும்பாலோர் போவது பெரிய மார்க்கெட்டுக்கே, அதாவது கூபேர் அங்காடிக்கே. கூடையில் காய்கறி கொண்டுவந்து விற்கும் கிராமத்துப் பெண்கள் அங்கே இன்றும் உண்டு. விலை கேட்கும்போதே எந்த ஊர், எந்தப் பட்டம், ஏரித் தண்ணீரா மோட்டார்த் தண்ணீரா என்றும் கேளுங்கள். தானே விளைவித்தவர் உடனே பதில் சொல்வார். மண்டியில் வாங்கி விற்பவர் சற்றுத் தயங்குவார்.