வில்லை விற்றவர்

பண்பாட்டைக் குறிக்கும் ‘தகாஃபத்’ என்னும் அரபுச் சொல்லைக் கேட்குந்தோறும் நமக்கு ஒரு மரத்துண்டே நினைவுக்கு வரும். ஒரு முழ நீளம்; முனையில் வில் நுழையுமளவு துளை. ‘திகாஃப்’ என்பர். கோணல் வில்லை அனலில் வாட்டி, அத்துளையிற் செருகி நிமிர்த்துவர். இரண்டும் ஒரே வேரிற் பிறந்த சொற்கள்.

அறியாமைக் காலத்தையும் இஸ்லாத்தையும் ஒருங்கே கண்ட கவிஞர் ஷம்மாக், தம் கவிதையொன்றில் ஆமிர் என்னும் வில்வினைஞரை நம்முன் நிறுத்துகிறார். அடர்ந்த புதரை வெட்டி வழிசெய்து, காட்டிலந்தைக் கிளையொன்றை அவர் அடைகிறார். உடனே செதுக்கினாரா? இல்லை. பட்டையின் ஈரத்தை மரமே பருகுமாறு ஈராண்டு விட்டுவைத்தார். எவ்விடத்தை அழுத்தித் திருத்துவது என்று பார்த்துக்கொண்டேயிருந்தார். பின்னரே திகாஃபும், ‘தரீதா’ என்னும் செதுக்கு கருவியும் கோணலைப் போக்கின. வில்லின் இரு புறமும் ஒன்றுபோல் வளைய வேண்டுமன்றோ? விறைத்த இடத்தை மட்டுமே சுரண்டலாம். மிகையாய்ச் சுரண்டியதை மீண்டும் ஒட்ட இயலாது.

பருவச் சந்தையில் ஒருவர் அவ்வில்லை இழுத்துப் பார்த்தார், வேண்டுமளவு இணங்கிற்று. பட்டாடைகள், பொன், 90 திர்ஹம், பதனிட்ட ஆட்டுத்தோல் என விலை ஏறிற்று. ஆமிர் தயங்கினார். “உம் சகோதரருக்கு விற்றுவிடும்!” எனச் சூழ நின்றோர் தூண்டினர். விற்றார். விற்றதும் அவர் கண்கள் பெருகின.