பழங்கடலும் முதல் விலங்குகளும்

நாம் வாழும் உலகம் தோன்றி ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதில் உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுகளாவது இருக்கும். ஆயினும், கண்ணாற் காணத்தக்க பெரிய உடலுடைய விலங்குகள் தோன்றி 60 கோடி ஆண்டுகள்கூட நிறையவில்லை. தன் வரலாற்றின் ஆறில் ஐந்து பங்குக் காலத்தை உயிர் பெரும்பாலும் நுண்ணுருவிலேயே கழித்திருக்கிறது. ஏன் இத்துணைத் தாமதம்? தடுத்து நின்றது எது?

சார்லஸ் டார்வின் 1859-ஆம் ஆண்டில் உயிரினங்களின் தோற்றம் பற்றிய தம் நூலை வெளியிட்டபோது, இதையொத்த ஒரு வினா அவரையும் வருத்தியது. இன்று நாம் கேம்பிரியக் காலம் என்று வழங்கும் காலத்துப் பாறைகளிலே பலவகை விலங்குகளின் சுவடுகள் திடீரெனக் காணப்பட்டன. அவற்றிற்குக் கீழே கிடந்த பழைய பாறைகளோ வெறுமையாய்த் தோன்றின. படிப்படியாக உயிர்கள் மாறி வந்தன என்னும் தம் கொள்கைக்கு எதிராக எடுத்துரைக்கத்தக்க வலிய வாதம் இது என்பதை டார்வின் மறைக்கவில்லை.

அந்நூல் வெளிவந்து நூறு ஆண்டுகள் கழிந்தன. 1959-ஆம் ஆண்டில் ஜே. ஆர். நர்சால் என்னும் விலங்கியல் அறிஞர் ஒரு கருத்தை வெளியிட்டார். பல உயிரணுக்களால் ஆகிய விலங்குகள் தோன்றுவதற்குப் பிராணவாயு எனப்படும் ஆக்சிஜன் போதிய அளவு சேர்ந்திருக்கவேண்டும் என்பதே அக்கருத்து. எண்ணம் நன்று. ஆனால், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடலின் நீரை யார் எடுத்துச் சோதிப்பது? அந்தச் சாட்சியைச் சொல்ல வந்தவை கற்களே.

ஆதியிலே கடல்நீரில் ஆக்சிஜன் இல்லை. எனவே இரும்பு அதில் துருப்பிடிக்காமல் கரைந்து நின்றது. சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கக் கற்ற நீலப்பசும்பாசிகள் ஆக்சிஜனை வெளிவிட்டன. கரைந்திருந்த இரும்பு அதனோடு கூடித் துருவாகிக் கடலடியில் படிந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹேமர்ஸ்லி மலைகளில் அடுக்கடுக்காய்ச் சிவந்து காணப்படும் இரும்புப் பாறைகள் அவ்வாறு அமைந்தவையே. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் காற்றிலும் சிறிதளவு ஆக்சிஜன் நிலைபெற்றது.

அத்துடன் ஆழ்கடலும் தூய்மையுற்றது என்றே அறிஞர் பலர் நெடுநாள் எண்ணியிருந்தனர். 1998-ஆம் ஆண்டில் டொனால்டு கேன்பீல்டு என்பவர் இதனை மறுத்தார். நிலத்துப் பாறைகளைக் காற்று அரிக்க, அவற்றிலிருந்த கந்தகம் சல்பேட்டாக மாறி ஆறுகளின் வழியே கடலை அடைந்தது. அங்கே நுண்ணுயிர்கள் அதனை அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றின என்றார் அவர். இன்றும் கருங்கடலின் ஆழத்தில் இத்தகைய நஞ்சுநீர் உண்டு. பின்வந்த ஆய்வுகள் அவர் கருத்தைச் சற்றுத் திருத்தின. கந்தக நஞ்சு பெரும்பாலும் கடலோரப் பகுதிகளில் பரவியிருந்தது. ஆழ்கடலில் மிகுந்திருந்தது கரைந்த இரும்பே. எவ்வாறாயினும், மேற்பரப்பில் மெல்லிய நல்ல நீரும் அதன் கீழே மூச்சுக்கு உதவாத நீருமாகவே அக்காலக் கடல் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது.

இனி, கனடா நாட்டின் கீழ்க்கோடியிலுள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவிற்குச் செல்வோம். அங்கே மிஸ்டேக்கன் பாயிண்ட் என்றொரு கடல்முனை உண்டு. மூடுபனியிலே மாலுமிகள் அதனை வேறொரு முனையென்று மயங்கியதால் அப்பெயர் வந்தது என்பர். 1967-ஆம் ஆண்டில் அப்பகுதியின் பாறைகளை ஆராய்ந்தவர் சிவ பாலக் மிஸ்ரா என்னும் இந்திய மாணவர். பெரணி இலைகளைப் போன்ற பல உருவங்கள் பாறைமீது பதிந்திருப்பதை அவர் கண்டார். அவ்வுருவங்களில் ஒன்றிற்கு 2007-ஆம் ஆண்டில் மிஸ்ராவின் பெயரையே சூட்டினர். இவை இலைகளல்ல, ஒளி புகாத ஆழ்கடலில் வாழ்ந்த உயிர்கள். எரிமலைச் சாம்பல் அவற்றை மூடிக் காத்தது. அங்குள்ள சாம்பற் படிவுகளைக் கொண்டு கணித்ததில், இவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ 57 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை எனத் தெரிந்தது.

அதே தீவின் பாறைகளைக் கேன்பீல்டும் அவர்தம் தோழர்களும் சோதித்து, 2007-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஆக்சிஜன் அற்ற நீரின் அடியில் படியும் சேற்றிலே, எளிதில் வினைபுரியும் இரும்பு மிகுதியாகச் சேரும். ஆக்சிஜன் உள்ள நீரின் அடியில் அது குறைந்திருக்கும். இதுவே அவர்கள் கைக்கொண்ட அளவுகோல். சுமார் 58 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு பனிக்காலம் நேர்ந்தது. அதற்கு முந்திய அடுக்குகளில் அவ்வகை இரும்பு மிகுதி. பிந்திய அடுக்குகளில் குறைவு. அதாவது, ஆழ்கடலுக்கு ஆக்சிஜன் வந்தடைந்தது. அதற்கு அடுத்த அடுக்குகளிலேயே பெரிய உயிர்களின் சுவடுகள் தோன்றுகின்றன.

உடலுக்கு ஆக்சிஜன் இத்துணை இன்றியமையாதது ஏன்? நுண்ணுயிருக்குச் சுற்றியுள்ள நீரிலிருந்து ஊறிவருவதே போதும். உடல் பருத்தால் உட்புறம் பட்டினி கிடக்கும். மேலும், விலங்கின் உயிரணுக்களைப் பிணைத்து நிறுத்தும் கொல்லாஜன் என்னும் புரதம் உறுதிபெறவும் ஆக்சிஜன் வேண்டும். ஓடவும் துரத்தவும் இரையைப் பற்றவும் வேண்டிய ஆற்றலையோ சொல்லவேண்டுவதில்லை.

ஆயினும், ஆக்சிஜன் வந்தது, விலங்கு பிறந்தது என்று எளிதாக முடித்துவிடலாகாது. இன்றைய காற்றிலுள்ள ஆக்சிஜன் அளவில் நூற்றில் நான்கு பங்கிற்கும் குறைவான நிலையிலும் ஒருவகைக் கடற்பஞ்சு உயிர் தாங்கியதாக 2014-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. எளிய விலங்கு வறுமையிலும் வாழும். பெரியதும் விரைந்தியங்குவதும் வேட்டையாடுவதுமான விலங்கிற்கே செல்வம் வேண்டும். கடல் விலங்கைப் படைக்கவில்லை; அது வளர்வதற்கு இடந்தந்தது. வளர்ந்த விலங்குகளும் வாளா இருக்கவில்லை. நீரை வடிகட்டியும் சேற்றைத் துளைத்தும் கடலின் இயல்பையே மாற்றின.

மாணவ நண்பர்கள் இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடலை மாற்றும் உயிர்களில் இன்று முதலிடம் பெறுபவன் மனிதன். அவன் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் உலகைச் சூடாக்குகின்றன. சூடேறிய நீரில் வாயு குறைவாகவே கரையும். மேல்நீரும் ஆழ்நீரும் கலப்பதும் குறையும். வயலிலிருந்து வழிந்தோடும் உரம் பாசியைப் பெருக்கி, அது மக்கும்போது நீரின் ஆக்சிஜனை உண்டுவிடுகிறது. 1960-ஆம் ஆண்டு தொடங்கி ஐம்பது ஆண்டுகளில் உலகக் கடல்கள் தம் ஆக்சிஜனில் 2 விழுக்காட்டிற்கு மேல் இழந்தன என 2017-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு கணக்கிட்டது. நம் இருபுறத்துக் கடல்களாகிய அரபிக்கடலிலும் வங்கக்கடலிலும் ஆக்சிஜன் அருகிய நீரடுக்குகள் இயல்பாகவே உள்ளன. எனவே இச்செய்தி நமக்கு எங்கோ நிகழ்வதன்று.

கோடிக்கணக்கான ஆண்டுகள் காத்திருந்து பெற்ற செல்வம் இது. அது எவ்வாறு வந்தது என்பதைக் கற்கள் நமக்குக் கூறிவிட்டன. அதனைக் காக்கும் பொறுப்பு இனி நம்முடையது.