வேருக்குள் இறங்கிய முளை

பல் மருத்துவத்தின் வரலாற்றில் இலக்கிய வாசகருக்கு என்ன இருக்கிறது என்ற கேள்வி எழலாம். மன்னர்களின் வரலாறும் போர்களின் வரலாறும் நமக்குக் கிடைக்கும் அளவுக்குச் சிறு பொருட்களின் வரலாறு கிடைப்பதில்லை. ஊசி, பொத்தான், திருகாணி போன்றவை எப்படி வந்தன, யாருக்கு உதவின, யாரைக் காயப்படுத்தின என்பதை நாம் பெரும்பாலும் யோசிப்பதே இல்லை. அப்படிப்பட்ட சிறு பொருள் ஒன்றைப் பற்றியது இக்கட்டுரை. அதன் நீளம் ஒரு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். உடைந்த பல்லின் வேருக்குள் இறக்கப்படும் முளை அது.

பல்லின் மேற்பகுதி முழுவதும் சொத்தையில் கரைந்தோ, அடிபட்டு முறிந்தோ போன பின்னும் அதன் வேர் தாடையெலும்பில் உறுதியாக நிற்பதுண்டு. அந்த வேரைப் பிடுங்கி எறிவதா, அதன்மேல் புதிதாக ஒரு பல்லைக் கட்டுவதா? கட்டுவதென்றால் கட்டடத்துக்குப் பிடிமானம் வேண்டும். வேரின் நடுவே இயற்கையாகவே ஒரு குழல் ஓடுகிறது. நரம்பும் இரத்த நாளங்களும் அடங்கிய பற்கூழ் இருந்த இடம் அது. அந்தக் குழலில் ஒரு முளையை இறக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் தலையைச் சுற்றி ஒரு நடுத்தண்டை உருவாக்கி, அதன்மேல் நாம் பேச்சுவழக்கில் ‘கேப்’ என்று சொல்லும் உறையை மாட்டுகிறார்கள். மருத்துவர்கள் இந்த முளையைப் ‘போஸ்ட்’ என்றும் நடுத்தண்டைக் ‘கோர்’ என்றும் அழைக்கிறார்கள். எளிமையான யோசனைதான். ஆனால் இந்த முளை உண்மையில் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள மனிதர்களுக்கு ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஆயின.

இந்த யோசனையை முதலில் விரிவாக எழுதிவைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார். 1728இல் பாரிஸில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய நூலே நவீன பல் மருத்துவத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. தொழில் ரகசியங்களைக் குடும்பச் சொத்தைப்போலப் பொத்திவைத்திருந்த காலத்தில், தனக்குத் தெரிந்தவற்றையெல்லாம் படங்களுடன் அச்சிட்டு வெளியிட்டார் என்பது அவருடைய முதல் பெருமை. பல்லரிப்புக்குப் புழுவே காரணம் என்று நெடுங்காலமாக நம்பப்பட்டுவந்ததை, நுண்ணோக்கியில் தேடியும் அப்படியொரு புழு தென்படவில்லை என்று எழுதி மறுத்தது இன்னொரு பெருமை.

வேர்க்குழலில் இறக்கும் முளைக்கு அவர் சூட்டிய பெயர் ‘தெனோ(ன்)’. அது தச்சர்களின் சொல். ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி மற்றொரு கட்டையின் துளைக்குள் செருகும்போது, செருகப்படும் முனைக்குப் பிரெஞ்சுத் தச்சர்கள் வைத்திருந்த பெயர். ஃபோஷார் தங்கத்தாலும் வெள்ளியாலும் முளைகள் செய்து, சூட்டில் இளகும் பிசின் கலவையைக் கொண்டு அவற்றை வேருக்குள் ஒட்டினார். இவ்வாறு பொருத்தியவை 15, 20 ஆண்டுகள்கூட அசையாமல் நின்றன என்று எழுதுகிறார். இன்றைய மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில் அது சாதாரண விஷயமல்ல.

முளையின் தலையில் எந்தப் பல்லைப் பொருத்துவது என்பது அடுத்த சிக்கல். நீர்யானைத் தந்தத்தைச் செதுக்கினார்கள். அது காலப்போக்கில் நிறம் மாறி நாறும். மனிதப் பல்லுக்கு நிகராக எதுவும் இல்லை. அந்தப் பற்கள் எங்கிருந்து வந்தன என்பது இந்த வரலாற்றின் இருண்ட பக்கம். ஏழைகள் காசுக்காகத் தங்கள் பற்களை விற்றார்கள். பிணங்களிலிருந்தும் பற்கள் பிடுங்கப்பட்டன. 1815இல் வாட்டர்லூ போர்க்களத்தில் மாண்ட இளம் வீரர்களின் பற்கள் சந்தைக்கு வந்தபின், ‘வாட்டர்லூ பற்கள்’ என்ற பெயரே இங்கிலாந்தில் நிலைத்துவிட்டது. பீங்கான் பற்கள் பரவலாகும்வரை, செல்வந்தர்களின் புன்னகையில் முகமறியாத ஒருவரின் பல் இருந்திருக்கக்கூடும்.

19ஆம் நூற்றாண்டில் ஒரு விசித்திரமான பின்னடைவு நிகழ்ந்தது. உலோக முளையின் இடத்தை மரம் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் ஹிக்கரி மரத்தின் நன்கு உலர்ந்த குச்சியைச் சீவி, ஒரு முனையைப் பீங்கான் பல்லிலும் மறுமுனையை வேரிலும் செருகினார்கள். மரம் மலிவு, சீவுவது எளிது. வாயின் ஈரத்தை உறிஞ்சி ஊதி, குழலை இறுகப் பற்றிக்கொள்ளும் என்பதே அதன் சிறப்பாகவும் கருதப்பட்டது. அந்தச் சிறப்பே வினையாயிற்று. பாறையில் உலர்ந்த மர ஆப்புகளை இறக்கி, நீரூற்றி ஊறவைத்துப் பிளக்கும் பழைய முறையை நாம் அறிவோம். கருங்கல்லையே பிளக்கும் விசையைப் பல்லின் வேர் எப்படித் தாங்கும்? பல வேர்கள் நெடுக்குவாட்டில் பிளந்தன. பிளந்த வேரை எந்த மருத்துவராலும் ஒட்டவைக்க முடியாது.

வேர் பிளக்காத இடத்தில் வேறொரு ஆபத்து காத்திருந்தது. செத்த பற்கூழை முழுதாக அகற்றி, குழலைச் சுத்தம் செய்து அடைக்கும் கலை அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்தது. 1838இல் எட்வர்ட் மேனார்ட் என்ற அமெரிக்கர் கடிகாரச் சுருள்வில்லைத் தேய்த்துக் குழலுக்குள் செல்லும் மெல்லிய கருவியைச் செய்தார். 1836 முதலே நரம்பைக் கொல்ல ஆர்செனிக் வைக்கும் வழக்கமும் இருந்தது. குழலை அடைக்க நல்ல பொருள் மலாய் நாட்டுக் காடுகளிலிருந்து வந்தது. சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி என்ற மருத்துவர் 1843இல் லண்டனுக்கு அறிமுகப்படுத்திய கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் அது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக அமைந்ததும் அதே பால்தான். அதற்காக எண்ணற்ற மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன. கண்டங்களை இணைத்த அந்தப் பொருள்தான் இன்றும் வேர்ச்சிகிச்சையில் பல்லின் குழலை அடைக்கிறது.

1878இல் காசியஸ் ரிச்மண்டின் பெயரால் அறியப்படும் உறை வந்தது. வேரின் விளிம்பைச் சுற்றிப் பிடிக்கும் தங்க வளையம், வேருக்குள் இறங்கும் முளை, முன்புறம் பீங்கான் முகப்பு ஆகிய மூன்றும் பின்னாளில் ஒரே துண்டாக அமைந்த வடிவம். மரத்தோடு ஒப்பிட்டால் பெரும் முன்னேற்றம். ஆனால் அதோடு வழக்குகளும் வந்தன. உறைகளுக்கான காப்புரிமைகளை வாங்கிக் குவித்த ‘இன்டர்நேஷனல் டூத் கிரவுன் கம்பெனி’ என்ற நிறுவனம், அம்முறைகளைப் பயன்படுத்திய மருத்துவர்களிடம் கட்டணம் கேட்டு நீதிமன்றம் ஏறியது. அதை எதிர்ப்பதற்கென்றே 1888இல் சிகாகோவின் ஜே. என். க்ரவுஸ் தலைமையில் மருத்துவர்கள் ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். தன் கலையை அச்சிட்டு ஊருக்கே கொடுத்த ஃபோஷாரின் வாரிசுகள், 160 ஆண்டுகளுக்குப் பின் அதே கலைக்காக நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

இதே கதை 1907இலும் திரும்பியது. வில்லியம் டாகர்ட் அவ்வாண்டு ஜனவரியில் நியூயார்க்கில் தன் வார்ப்பு முறையை விளக்கினார். மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றிக் களிம்பு பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் தங்கத்தை வார்க்கும் முறை. நம் நாட்டு ஸ்தபதிகள் பல நூற்றாண்டுகளாகச் செப்புத் திருமேனிகளை வார்த்துவரும் அதே தத்துவம்தான். டாகர்ட்டும் காப்புரிமைக் கட்டணம் கேட்டார். ஐயோவாவைச் சேர்ந்த ஃபில்புரூக் என்பவர் 1890களிலேயே இம்முறையை விளக்கியிருந்தார் என்பது தெரியவந்து வழக்கில் தோற்றார். காப்புரிமை போயிற்று, வார்ப்பு நிலைத்தது. ஒவ்வொரு வேரின் குழலுக்கும் அச்சுக்கு அச்சாகப் பொருந்தும் முளையை வார்க்க இனி வழி பிறந்துவிட்டது.

அந்த வழி முழுப் பயனைத் தருவதற்குள் ஒரு புயல் வீசியது. 1910இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர், கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். சீழ்பிடித்த வேர்களின்மேல் தங்கத்தால் சமாதி கட்டுகிறார்கள் என்று அக்காலப் பல் மருத்துவத்தைச் சாடினார். குற்றச்சாட்டில் பெரும் உண்மை இருந்தது. சுத்தம் செய்யப்படாத வேர்களின்மீது உறைகளும் பாலங்களும் கட்டப்பட்டது உண்மைதான். ஆனால் அதிலிருந்து மருத்துவ உலகம் எடுத்துக்கொண்ட முடிவு வேறாக இருந்தது. மூட்டுவலி முதல் மனநோய்வரை எல்லாவற்றுக்கும் பற்களில் ஒளிந்திருக்கும் தொற்றே காரணம் என்ற கோட்பாடு பரவியது. நியூஜெர்சியின் டிரெண்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன், நோயாளிகளின் மனம் தெளியும் என்று சொல்லி அவர்களுடைய பற்களைப் பிடுங்கினார். பல் போதாதபோது பிற உறுப்புகளையும் அகற்றினார். ஏறத்தாழ ஒரு தலைமுறைக்காலம், காப்பாற்றியிருக்கக்கூடிய பற்கள் கணக்கின்றிப் பிடுங்கப்பட்டன. 1930களில் ஆய்வுகள் அந்தக் கோட்பாட்டின் அடித்தளத்தை அசைத்த பின்னரே வேர்ச்சிகிச்சைக்கு மறுவாழ்வு கிடைத்தது.

அதே 1930களில் முளையும் நடுத்தண்டும் ஒரு துண்டாகவும், மேலுறை தனித் துண்டாகவும் பிரிக்கப்பட்டன. சிறிய மாற்றம்தான், ஆனால் ஆழ்ந்த சிந்தனை. உறை தேய்ந்தாலோ உடைந்தாலோ, முளையைத் தொடாமல் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பின்னர் துருப்பிடிக்காத எஃகிலும் டைட்டானியத்திலும் ஆயத்த முளைகள் கடைக்கு வந்தன. சில வழுவழுப்பானவை, சில திருகாணிபோல மரையிட்டவை. மரையிட்டவை இறுகப் பிடித்தன. ஆனால் திருகும்போதே வேரில் அழுத்தத்தையும் ஏற்றின.

இந்தக் காலம் முழுவதும் ஒரு நம்பிக்கை கேள்வி கேட்கப்படாமல் இருந்தது. வேர்ச்சிகிச்சை செய்த பல் ஈரம் வற்றி உளுத்துப்போகும், எனவே கான்கிரீட்டுக்குள் கம்பி வைப்பதுபோல முளை இறக்கி அதை வலுப்படுத்த வேண்டும் என்பது அது. 1979இல் கஸியும் நிக்கல்ஸும் ஆய்வகத்தில் பற்களை உடைத்துப் பார்த்தார்கள். முளை வைத்த பல்லுக்கும் வைக்காத பல்லுக்கும் வலிமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 1984இல் சோரன்சனும் மார்ட்டினாஃபும் சிகிச்சை பெற்ற 1273 பற்களின் வரலாற்றை ஆராய்ந்தார்கள். பின்பற்களைக் காப்பாற்றியது மேலே மூடிய உறை, முளையல்ல. 1992இல் செட்ஜ்லியும் மெஸரும் வேர்ச்சிகிச்சை செய்த பல் அப்படியொன்றும் நொறுங்கத்தக்கதல்ல என்று காட்டினார்கள். அதை வலுவிழக்கச் செய்வது பெரும்பாலும் நாமே செதுக்கி எறிந்த பகுதிதான்.

ஆக, முளை பல்லை வலுப்படுத்துவதில்லை. நடுத்தண்டைப் பிடித்துவைப்பது மட்டுமே அதன் வேலை. அதற்கு இடம் ஏற்படுத்த வேரைக் குடையும் ஒவ்வொரு முறையும் பல் பலவீனமடைகிறது.

இந்த அறிவு பொருட்களைப் பற்றிய பார்வையையும் மாற்றியது. அதுவரை வலிமையான முளையே நல்ல முளை என்று எண்ணியிருந்தார்கள். பல்லின் உடலான டென்டினைவிட எஃகு ஏறத்தாழ 10 மடங்கு விறைப்பானது. கடிக்கும்போது டென்டின் சற்றே வளைகிறது. எஃகு வளைய மறுக்கிறது. விசை வேரின் சுவரில் குவிகிறது. இறுதியில் உடைவது முளையல்ல, வேர். 1990இல் பிரான்சின் துரேயும் அவருடைய கூட்டாளிகளும் கரிமநார்களைப் பிசினில் பதித்த முளையை அறிமுகப்படுத்தினார்கள். அது கருப்பாக இருந்ததால் பின்னர் கண்ணாடி நாரும் குவார்ட்ஸ் நாரும் அதன் இடத்தை எடுத்துக்கொண்டன. இவற்றின் விறைப்பு டென்டினுக்கு நெருக்கமானது. அளவுக்கு மீறிய விசை வரும்போது பெரும்பாலும் இவை கழன்றுவிடும், அல்லது தாமே உடையும்; வேர் தப்பிவிடும். கழன்றதை மீண்டும் பொருத்தலாம். 1955இல் மைக்கேல் புவோனகோர், உலோகத்தில் வண்ணம் ஒட்டுவதற்காகத் தொழிற்சாலைகளில் பயன்பட்ட பாஸ்பாரிக் அமிலத்தை எனாமலில் தடவிப் பார்த்ததிலிருந்து வளர்ந்த ஒட்டுக்கலையே இத்தகைய முளைகளைச் சாத்தியமாக்கியது.

பொருள் எதுவானாலும், ஒரு விதியில் மருத்துவர்கள் பெரும்பாலும் உடன்படுகிறார்கள். ஈறுக்கு மேலே குறைந்தது 1.5 முதல் 2 மில்லிமீட்டர்வரை இயற்கையான பல் சுற்றிலும் எஞ்சியிருக்க வேண்டும். உறை அதைக் கவ்விப் பிடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயர் கைத்தடியின் நுனியில் மாட்டும் வளையத்தைக் குறிக்கிறது. தமிழில் இதற்கு அழகான சொல் இருக்கிறது: பூண். உலக்கையின் நுனி பிளக்காமல் காப்பது இரும்புப் பூண். பல்லையும் காப்பது உள்ளே இறங்கிய முளையல்ல, வெளியே கட்டிய பூண். பூண் கட்டுவதற்கு மரம் மிஞ்சியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவேதான் இன்றைய மருத்துவர்கள் முளை தேவையா என்று கேட்பதற்கு முன் எவ்வளவு பல் மிஞ்சியிருக்கிறது என்று அளக்கிறார்கள். போதிய அளவு மிஞ்சியிருந்தால் பல நேரங்களில் முளையே வேண்டியதில்லை.

ஹண்டரின் காலத்துக் கேள்வி இன்று வேறு உருவில் நம்முன் நிற்கிறது. 1965இல் சுவீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் முதல் நோயாளிக்கு டைட்டானிய வேரைப் பொருத்தியதிலிருந்து, எலும்பில் நேரடியாக ஊன்றும் செயற்கைப் பல் மாபெரும் வரமாக வளர்ந்திருக்கிறது. காப்பாற்றவே இயலாத வேர்களும் உண்டு. அங்கே அதற்கு இணையில்லை. ஆனால் காப்பாற்றக்கூடிய வேரையும் எளிதாகப் பிடுங்கிவிடும் சபலத்தை அது உண்டாக்கியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இயற்கையான வேர் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. மெல்லிய நார்களால் எலும்பில் தொங்குகிறது. சோற்றில் ஒரு சிறு கல் கடிபட்டதும் தாடை சட்டென்று நிற்பதில் அந்த நார்களிலுள்ள உணர்வுக்குப் பெரும் பங்கு உண்டு. டைட்டானியத்துக்கு அந்த நார்கள் இல்லை.

எனவே உடைந்த பல்லோடு நாற்காலியில் சாயும் ஒருவர் தன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தப் பொருளில் முளை வைப்பீர்கள் என்பதல்ல. என்னுடைய பல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, அதில் எவ்வளவை நீங்கள் விட்டுவைப்பீர்கள் என்பதே.